எனக்கு முன்னால் சொல்லவில்லை

எங்கள் கந்தோருக்கு வந்த மொட்டைப் பெட்டிசம் ஒன்றரைப் பக்கம்தான். அனுப்பியவர் பெயர் இல்லை. கீழே ‘பொதுமக்கள்’ என்று மட்டும் தட்டச்சில் அடித்திருந்தது. அதோடு ஒரு படமும் வைத்திருந்தார்கள். எங்கள் திணைக்களத்தின் வெள்ளை டபிள்கப் வாகனம் மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பின்பக்கத்தைப் பச்சைப் படங்குச் சீலையால் மூடி இழுத்துக் கட்டியிருக்கிறது. நாள், ஒரு பூரணைப் போயா விடுமுறை. சாரதி தன் சொந்த வீட்டு வேலைக்கு அரசாங்க வாகனத்தில் சீமெந்து ஏற்றுகிறார், இதற்கு யார் பொறுப்பு என்று பெட்டிசம் கேட்டது. ஒரு பிரதி எங்கள் மேலதிகாரிக்கு, ஒன்று மாகாணத் தலைமைக்கு, ஒன்று கொழும்புக்கு. கொழும்புக்கும் போய்விட்டபடியால் அதைக் கிழித்துப் போட ஒருவராலும் முடியவில்லை.

நான் அப்போது அந்தக் கந்தோரில் முகாமைத்துவ உதவியாளர்; பழைய பேச்சில் கிளாக். வாகனப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. வாகனம் எங்கே போனது, யார் சொல்லிப் போனது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று சாரதி எழுதும் ரன்னிங் சாட்டை மாத முடிவில் வாங்கிச் சரிபார்த்து, நூல் கோர்த்த கோவையில் போடுவேன். சாரதியை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் மயிலிட்டி ஆள். கனகாலம் வெளியே இருந்துவிட்டு, காணியை ஆமி விட்ட பிறகு திரும்பிப் போய் வீடு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு அறைக்குக் கூரை போட்டாயிற்று, குசினிக்கு இன்னும் சுவர்தான் எழும்பியிருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லுவார். அதனால் பெட்டிசத்தை வாசித்தவர்கள் எல்லோரும் அதை நம்பினார்கள். நானும் ஒரு நிமிடம் நம்பினேன்.

பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு ஞாபகம் வந்தது.

போயாவுக்கு இரண்டு நாள் முந்தி, ஒரு பின்னேரம். மேலதிகாரி வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து என் மேசையில் இருக்கும் கந்தோர்த் தொலைபேசிக்கு எடுத்து, “டிறைவர் நிக்கிறாரோ? குடுங்கோ பிள்ளை” என்றார். அண்ணையைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் பேசியது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

“ஓம் சேர்… போயாவண்டோ சேர்?… ஓம், காலமை வெள்ளணப் போனால்தான் நல்லதாய் எடுக்கலாம்… இறால் பெரிசோ… ஓம் சேர், குவாட்டேசுக்கே கொண்டுவந்து தாறன்.”

ரிசீவரை வைத்துவிட்டு, “கொழும்பாலை ஆரோ பெரியாக்கள் சேர் வீட்டை வருகினமாம்” என்று சொல்லிச் சிரித்தார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். இப்படி நடப்பது புதிதல்ல. இப்படியான ஓட்டங்களை ரன்னிங் சாட்டில் எழுதுவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மறுநாள் மீற்றர் எண் கூடியிருக்கும். நான் அதைக் கேட்காமல் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்து வைத்துவிடுவேன். அந்த மாதமும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கேட்ட உடனேயே அண்ணை சொல்லிவிட்டார்: “சேர்தான் மீன் எடுக்க அனுப்பினவர். படங்குக்குக் கீழை இருந்தது மீன் போட்ட ரெஜிபோம் பெட்டி.” மேலதிகாரி அதை மறுத்தார். “நான் ஒருத்தரையும் ஒரு இடத்துக்கும் அனுப்பேல்லை. விசாரணை நடக்கட்டும்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அன்று பின்னேரமே அண்ணையிடமிருந்து வாகனத் திறப்புக் கொத்தை வாங்கியாயிற்று. வேலையிலிருந்து நிறுத்தவில்லை. காலையில் வந்து கையெழுத்து வைத்து, பழைய கோவைகள் அடுக்கியிருக்கும் அறை வாசலில் ஒரு கதிரையில் இருந்து, நாலேகாலுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். வாகனம் இல்லாத சாரதிக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

பெட்டிசம் எழுதியவர் யார் என்பதுதான் கந்தோரில் அடுத்த பேச்சு. வெளியாள் என்றால் எங்கள் மேலதிகாரியின் சரியான பதவிப் பெயர் எப்படித் தெரியும்? தலைமைக்குப் போகும் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று போடவேண்டும் என்பது எப்படித் தெரியும்? உள்ளுக்குள் இருக்கிற ஆள்தான் என்று முடிவு கட்டினார்கள். மற்றச் சாரதிக்கு அந்த டபிள்கப்பில் ஒரு கண் என்றார்கள். கணக்குப் பகுதிப் பிள்ளை போயாவண்டு கீரிமலைக்குப் போனவள் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கீரிமலையிலிருந்து மயிலிட்டிக்கு எவ்வளவு தூரம் என்று இன்னொருவர் கூகிளில் பார்த்தார். நான் வந்து அமர்ந்தால் பேச்சு நிற்கும். அப்போதுதான் விளங்கியது, ரன்னிங் சாட் என் கையில் இருப்பதால் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்று. நானும் சும்மா இருக்கவில்லை. பெட்டிசத்தில் ‘முறைகேடு’ என்ற சொல்லில் பெரிய ‘றை’க்குப் பதில் சின்ன ‘ரை’ போட்டிருந்தது. யார் அப்படிப் பிழைவிடுவார்கள் என்று பழைய கோவைகளைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று பேர் விடுகிறார்கள். அதில் ஒருவர் மேலதிகாரி.

மூன்று கிழமை கழித்து ஆரம்ப விசாரணைக்கு வேறு திணைக்களத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். மெல்லிய குரல், மரியாதையான ஆள். கூட்ட அறையில் என்னை இருத்தி, கேட்கக் கேட்கத் தன் கையாலேயே எழுதினார்.

“சம்பந்தப்பட்ட நாள் வாகனத்தை எடுக்கச் சொல்லி மேலதிகாரி சாரதிக்குச் சொன்னவரோ?”

அது வருடாந்த இடமாற்றப் பட்டியல் தயாராகும் காலம். அந்தக் கந்தோரில் எனக்கு ஐந்து வருடம் கடந்திருந்தது. இன்னும் ஒரு வருடம் இருக்கவிடும்படி கேட்டு நான் கொடுத்த கடிதம் மேலதிகாரியின் மேசையில் கிடந்தது. கூட்ட அறைக்கும் அவருடைய அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தட்டி.

“எனக்கு முன்னாலை சொல்லேல்லை சேர்” என்றேன்.

அது பொய் இல்லை. மேலதிகாரி எனக்கு முன்னால் நின்று சொல்லவில்லை. அவர் வேறு எப்படியாவது சொன்னாரா என்று உத்தியோகத்தர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எழுதி முடித்து மூன்று தாள்களையும் என் பக்கம் திருப்பினார். “வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ தங்கச்சி” என்றார். நாலு மணி தாண்டியிருந்தது. மானிப்பாய் பஸ் நாலரைக்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தாளைப் புரட்டி, மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்தேன். அவர் நல்லாய் வாசிக்கச் சொன்னவர்தான். வாசிக்காதது நான்.

அண்ணைக்குக் குற்றப்பத்திரம் வர இன்னும் மூன்று மாதம் ஆனது. இரண்டு குற்றச்சாட்டுகள். அனுமதியின்றி அரச வாகனத்தைச் சொந்தத் தேவைக்குப் பாவித்தது. ரன்னிங் சாட்டில் பதியாமல் விட்டது. எந்த ஆவணங்களை, எந்தச் சாட்சிகளை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்கள் என்ற பட்டியலும் கூட வந்தது. சாட்சிகளில் மேலதிகாரிக்கு அடுத்ததாக என் பெயர். குற்றம் சாட்டப்பட்டவர் அந்த ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது விதி. அண்ணை கேட்டுப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்தார். அவ்வளவு நாளும் கதிரையை விட்டு எழும்பி எவருடைய மேசைக்கும் போகாதவர். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து, எழுத்துக்கூட்டுவதுபோல் வாசித்தார். “மேலதிகாரி அவ்வாறான எந்தக் கட்டளையையும் சாரதிக்கு வழங்கவில்லை.” பிறகு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, நீங்கள் இப்பிடிச் சொன்னனீங்களோ?”

“நான் இப்பிடிச் சொல்லேல்லை அண்ணை! எனக்கு முன்னாலை சொல்லேல்லை எண்டுதான் சொன்னனான்.”

“கீழை இருக்கிற கையெழுத்து உங்கடைதானே?”

“ஓம்.”

“நான் ரெலிபோன் கதைக்கேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்தானே?”

“ஓம் அண்ணை.”

அவர் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் கதிரைக்குப் போனார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. விசாரணைக்கு வந்தவர் மேலதிகாரியோடு சேர்ந்து வேண்டுமென்றே மாற்றி எழுதினாரா? அல்லது பேச்சை எழுத்துத் தமிழாக்குகிற அவசரத்தில் ‘எனக்கு முன்னால்’ விழுந்துவிட்டதா? அவருடைய முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இரவு படுத்திருந்தபோது இன்னொரு சந்தேகம் வந்தது. நான் உண்மையில் ‘எனக்கு முன்னாலை’ என்று சொன்னேனா? அல்லது பயத்தில் ‘சொல்லேல்லை சேர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு என் மனம் நிம்மதிக்காக அதைச் சேர்த்துக்கொண்டதா? எத்தனையோ தரம் யோசித்தும் சத்தியம் பண்ணக்கூடிய அளவுக்கு நிச்சயம் வரவில்லை. தொலைபேசி விஷயம் மட்டும் நிச்சயம்.

அந்தக் கிழமையே மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். வாகனத்துக்கு ரயர் வாங்குவது பற்றி இரண்டு கேள்வி கேட்டார். நான் எழும்பும்போது, “உங்கடை கடிதம் பாத்தனான் பிள்ளை. ஒரு வருசம்தானே, பாப்பம்” என்றார். விசாரணை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. வெளியே வந்தபோது கோவை அறை வாசலிலிருந்து அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் தனியார் கொம்பனி ஒன்றில் வேலை. “வைச்ச கையெழுத்து வைச்சதுதான். இப்ப மாத்திச் சொன்னால் ரெண்டிலை ஒண்டு பொய் எண்டு உன்னைப் பிடிப்பாங்கள். எழுதினதை வாசிக்காமல் வைச்சனான் எண்டு ஒரு கிளாக் சொன்னால் ஆர் நம்புவினம்?” என்றார்.

“அப்ப அந்த மனிசன்?”

“அந்த மனிசன் ஏன் ரன்னிங் சாட் எழுதேல்லை?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலில் என் கையெழுத்தும் இருந்தது. நான் பாத்திரம் கழுவப் போனேன்.

முறையான ஒழுக்காற்று விசாரணை அடுத்த மாதம் அதே கூட்ட அறையில் தொடங்கியது. விசாரணை நடத்த வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நிருவாக அதிகாரி. காது கொஞ்சம் மந்தம்; அதனால் சத்தமாகப் பேசுவார், எல்லோரையும் சத்தமாகப் பேசச் சொல்லுவார். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. திணைக்களத்தின் சார்பில் குற்றச்சாட்டை நடத்த ஒரு உத்தியோகத்தர் இருந்தார். அண்ணைக்காக வாதாட மருதனார்மடத்திலிருந்து ஒரு பென்சன்காரர் வந்தார். முந்தி வேறு ஒரு கந்தோரில் பிரதம எழுதுவினைஞராக இருந்தவர். தாபன விதிக்கோவையை உறை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கடதாசித் துண்டு செருகி வைத்திருந்தார். சாட்சிகள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக்கூடாது, அந்தத் தட்டிக்குப் பின்னால் ஆள் இருக்கக்கூடாது என்று முதல் நாளே கேட்டிருக்கிறார். விசாரணையை எங்கள் கட்டிடத்தின் மேல்மாடிக்கு மாற்றினார்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியாது.

என் முறை வந்தது. குற்றச்சாட்டை நடத்தியவர் என் வாக்குமூலத்தைக் காட்டி, “இது உங்கடை கையெழுத்தோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்கு அது போதும், கதிரையில் இருந்துவிட்டார்.

பென்சன்காரர் எழும்பினார். “மகள், ‘கட்டளை வழங்கவில்லை’ எண்டு நீங்கள் சொன்னீங்களோ, இல்லை, ‘எனக்கு முன்னாலை சொல்லேல்லை’ எண்டு சொன்னீங்களோ?”

அண்ணை அவருக்குச் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது. “எனக்கு முன்னாலை சொல்லேல்லை எண்டு சொன்ன ஞாபகம் ஐயா” என்றேன்.

“சத்தமாய்!” என்றார் விசாரணை அதிகாரி.

திரும்பச் சொன்னேன். குற்றச்சாட்டை நடத்தியவர் குறுக்கே வந்தார். “அப்ப கையெழுத்து வைச்ச வாக்குமூலம் பிழை எண்டு சொல்லுறீங்கள். பிழையான வாக்குமூலம் குடுக்கிறதும் ஒழுக்காற்று விஷயம் எண்டு தெரியுமோ?”

அண்ணை என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரி கையைக் காட்டிக் குற்றச்சாட்டை நடத்தியவரை நிறுத்தினார். “அதைப் பிறகு பாப்பம். பிள்ளை, உங்களுக்குத் தெரிஞ்சதை முழுக்கச் சொல்லுங்கோ. அவர் கேட்டது, இவர் கேட்டது எண்டில்லை. தெரிஞ்சது.”

அப்போது சொன்னேன். தொலைபேசி வந்தது, யார் எடுத்தது, அண்ணையிடம் கொடுத்தது, அண்ணை சொன்ன இறால், போயா, குவாட்டேஸ் எல்லாம். மேலதிகாரி அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை என்பதையும் சொன்னேன். மீற்றர் எண் கூடியிருப்பதைக் கண்டும் சரிபார்த்ததாகக் கையெழுத்து வைத்ததையும் சொன்னேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பாதியை மறைத்தால் மீதியை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“பயம் சேர்.”

“ஆருக்கு?”

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘சாட்சி பதிலளிக்கவில்லை’ என்று எழுதச் சொன்னார். பிறகு எழுதியதெல்லாவற்றையும் வரிவரியாக எனக்கு வாசித்துக் காட்டச் செய்தார். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னேன். திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். அன்றைக்குப் பஸ் போய்விட்டது.

மேலதிகாரி சாட்சி சொன்னபோது, கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தது ஞாபகம் இல்லை என்றாராம். விருந்தாளிகள் வந்தார்களா என்று கேட்டதற்கு, ஓம், வந்தார்கள், சாப்பிட்டார்கள், மீன் எங்கே வாங்கியது என்று தெரியாது என்றாராம். இதெல்லாம் பென்சன்காரர் அண்ணைக்குச் சொல்லி, அண்ணை மற்றச் சாரதிக்குச் சொல்லி, என் காதுக்கு வந்தது. அண்ணை நேரே எனக்குச் சொல்லவில்லை.

முடிவுக் கடிதம் வர ஐந்து மாதம் பிடித்தது. முதலாவது குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. இரண்டாவது நிரூபிக்கப்பட்டது, ஒரு சம்பள ஏற்றம் ஆறு மாதம் பிற்போடப்படுகிறது, எழுத்தில் கண்டிக்கப்படுகிறார். அனுப்பியது யார் என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. குற்றப்பத்திரம் சாரதிக்கு, ஆகவே முடிவும் சாரதியைப் பற்றித்தான். மேலதிகாரி அதற்கு முன்பே பதவி உயர்வோடு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். வாகனத் திறப்பு அண்ணை கைக்கு வந்தது. இந்த முறை அவர் தேத்தண்ணி குடிக்கச் சந்திக்குப் போனாலும் ரன்னிங் சாட்டில் எழுதினார்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இரண்டு வாக்குமூலங்களுக்கும் இடையிலான முரண்பாட்டுக்கும், மீற்றர் எண்ணைச் சரிபார்க்காததற்கும் பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரவும். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதிலாக வந்தது ஒரு எச்சரிக்கைக் கடிதம். அது விதிப்படி வந்ததா, போகிற போக்கில் மேலதிகாரி சொல்லிவிட்டுப் போனதா என்று யோசித்தேன். அடுத்து வந்த இடமாற்றப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. வடமராட்சிப் பக்கம், இரண்டு பஸ். ஐந்து வருடம் முடிந்த எல்லோருக்கும் மாற்றம் வந்திருந்தது. கணக்குப் பகுதிப் பிள்ளைக்கும் வந்தது. அப்படியிருந்தும் என்னால் அதைச் சாதாரண இடமாற்றமாக எடுக்க முடியவில்லை.

கடைசி நாள் எல்லோரும் கேக் வெட்டி, ஒரு சேலை தந்தார்கள். பின்னேரம் நான் மேசை லாச்சியை வெறுமையாக்கிக்கொண்டிருந்தபோது அண்ணை வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?”

“கேளுங்கோ அண்ணை.”

“அந்தப் பெட்டிசம்… நீங்கள் எழுதேல்லைத்தானே?”

ஒரு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மேல்மாடியில் சாட்சி சொன்னதுகூட பெட்டிசம் எழுதியது மனதைக் குத்திச் சொன்னது என்றுதான் எடுத்திருப்பாரோ?

“இல்லை அண்ணை. சத்தியமாய் இல்லை.”

“ஓம், ஓம். எனக்குத் தெரியும். சும்மா கேட்டனான்” என்றார். “இனியாவது தெரிஞ்சதை முதலே சொல்லுங்கோ. அந்த வாசலிலை அவ்வளவு நாள் இருந்தது லேசில்லை.” நான் தலையாட்டினேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

புதிய கந்தோரில் சேர்ந்து இரண்டு மாதத்தில், லீவு போட்டுவிட்டுத் தலைமைக் கந்தோருக்குப் போனேன். என் சுயவிபரக் கோவையைப் பார்க்கவேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். அங்கிருந்த பிள்ளை கோவையை எடுத்துத் தந்தாள். எச்சரிக்கைக் கடிதம் மேலேயே இருந்தது, பக்க இலக்கம் போட்டு. நான் எழுதிய நான்கு பக்க விளக்கம் இல்லை. முன்னும் பின்னும் இரண்டு தரம் புரட்டினேன்.

“எங்கையாவது மாறிப் போயிருக்கும் அக்கா. உதாலை உங்களுக்கு ஒண்டும் வராது” என்றாள் அவள்.

கைப்பைக்குள் இருந்த பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு போடுவதாகச் சொன்னாள். நான் எழும்பவில்லை. வரிசையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவள் பெருமூச்சு விட்டு, திகதி முத்திரை குத்தி, நூலை அவிழ்த்து, நான்கு தாளையும் கோர்த்து, ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனையால் இலக்கம் போட்டாள். அந்த இலக்கங்களை என் பிரதியிலும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வைத்துத் தந்தாள். நான் அதை வாங்கி, வாசித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.